ஆஸ்பத்திரி வராந்தாவில் குட வரிசை

பல்வலி என் வீட்டுக்காரருக்கு. கத்தினது நான். எங்கள் குடும்பத்தில் எல்லா வேலையும் அப்படித்தான் பிரிந்திருந்தது. அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணும்போது கூப்பிடும் பெயர் சன்னாசி. நல்ல உயரம். ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பதில், மலாயாவில் நாங்கள் இருந்த தோட்டத்தில் அவர் கைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிப் பழகிவிட்டேன்.

மரங்கள் இலை உதிர்க்கிற மாசி மாதத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. கிராம்பை நசுக்கி வைத்தோம். உப்புத் தண்ணீரில் கொப்புளித்தார். வலிக்கிறதா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் வீங்கிக் கண் இடுங்கிப் போயிருந்தது. அப்புறம் வாயே திறக்கவில்லை. பல்லோடு பல் கிட்டிக்கொண்டது. நான் உதட்டை ஒதுக்கி, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே கரண்டியால் கஞ்சித் தண்ணீரை ஊற்றுவேன். பாதி உள்ளே போகும், பாதி என் முந்தானையில் வழியும்.

எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருந்தது. தகரக் கூரை, உள்ளே சில கட்டில்கள், முன்னால் நீளமான வராந்தா. எந்நேரமும் அங்கே இருந்தவர் டிரஸ்ஸர் கார்த்திகேசு. காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பார். கத்தி வைக்கிற வேலைக்கு அவருக்கு அதிகாரம் கிடையாது. அதற்கு வெள்ளைக்கார டாக்டர் வரவேண்டும். அவர் புதன்கிழமை தோறும் ஈப்போவிலிருந்து மோட்டார் காரில் வருவார். பகல் சாப்பாடு வேறொரு தோட்டத்துத் துரை பங்களாவில் என்பதால், ரப்பர் பால் உறைய வைக்கிற ஸ்டோரில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினதும் கிளம்பிவிடுவார். யார் செத்தாலும் பிழைத்தாலும் சங்கு சங்குதான்.

நோயாளிகள் பெரட்டு நேரத்துக்கே, இருட்டோடு இருட்டாக வந்து உட்காரவேண்டும் என்பது அங்கே சட்டம். பிந்தி வந்தால் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற ஆள் என்று பெயர் வந்துவிடும். முதல் புதன்கிழமை அப்படித்தான் போய் உட்கார்ந்தோம். விடிந்தது. வெயில் ஏறியது. வராந்தாவில் ஈ மொய்த்தது. எப்போது வருவார் என்று கேட்டால், "இருங்கோ, டாக்குத்தர் வருவார்" என்பார் டிரஸ்ஸர். அதைத்தானே விடிந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கிறோம்.

கார் ஹாரன் கேட்ட பிறகுதான் சிலர் வீட்டை விட்டே கிளம்புவார்கள். எங்களையெல்லாம் வேலை வாங்குகிற பெரிய கங்காணி பழனியப்பனுக்கு முழங்கால் வலி. அவர் மனைவி மங்களத்துக்குத் தலைசுற்றல். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டம்மாளுக்கு நெஞ்செரிச்சல். குளித்து, பூ வைத்து, சலவைப் புடவையில் வருவார்கள். டாக்டரைப் பார்க்க வருகிறார்களா, டாக்டருக்குப் பெண் பார்க்க வருகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். டிரஸ்ஸர் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார். பெரிய கங்காணியைப் பகைத்துக்கொண்டு அந்தத் தோட்டத்தில் காலம் தள்ள அவராலும் முடியாது. உள்ளே போனவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து வந்த வியாதிகளையெல்லாம் சொல்லுவார்கள். டிரஸ்ஸர் அதை இங்கிலீசில் டாக்டருக்கு எடுத்துச் சொல்லுவார். சங்கு ஊதிவிடும். டாக்டர் கை கழுவிக்கொண்டு காரில் ஏறிவிடுவார். வராந்தாவில் மிச்சம் இருந்த எங்களை அடுத்த புதன் வரச் சொன்னார்கள்.

அடுத்த புதனும் அதே கூத்துதான். கிராணி வீட்டில் விருந்தாளி வந்திருந்தார்களாம், அவர்களுக்கும் நாடி பார்க்கவேண்டியிருந்ததாம். என் புருஷன் தூணில் சாய்ந்து, கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மங்களம் அவர் காலைத் தாண்டிப் புடவை சரசரக்க உள்ளே போனாள். சங்கு ஊதினதும் டிரஸ்ஸரை மறித்துக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு புட்டி சிவப்புத் தண்ணீரைக் கொடுத்து, கொப்புளிக்கச் சொன்னார். வாய் திறக்காத மனிதரைக் கொப்புளிக்கச் சொன்ன வைத்தியத்தை நான் அங்கேதான் கண்டேன்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், மாட்டு வண்டி கொடுங்கள் என்று கங்காணியிடம் போய் நின்றேன். டிரஸ்ஸர் சொன்னால் வண்டி கொடுப்பேன் என்றார். டிரஸ்ஸரிடம் போனேன். டாக்டர் சொன்னால்தான் நான் சொல்லமுடியும் என்றார். டாக்டரைப் பார்க்க விடுங்கள் என்றால், புதன்கிழமை வா என்றார்கள். செக்கு மாடு மாதிரி சுற்றி வந்ததுதான் மிச்சம்.

அதற்குள் வீக்கம் கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. தொட்டால் கட்டை மாதிரி இருந்தது. ஊற்றுகிற கஞ்சித் தண்ணீர் அப்படியே வெளியே வந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் ஒரு கரகர சத்தம். தோட்டத்து மேல் டிவிஷனில் ஒருத்தர் இப்படி வீங்கித்தான் மூச்சு அடைத்துச் செத்தார் என்று நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் வந்ததும் பேச்சை மாற்றினார்கள், அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இன்னொரு புதன்கிழமையைத் தவறவிட்டால் அவர் எனக்கு இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போனேன். லயத்துக்கு ஒரே பைப்பு. தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். அதனால் எங்கள் பெண்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. வேலை முடிந்து வந்ததும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டலாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். குடம் நிற்கிற இடம் அவரவர் இடம். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அந்தக் குடத்தைத் தாண்டி யாரும் வைக்கக்கூடாது, நகர்த்தக்கூடாது. ஒரு காலத்தில் தலைமயிரைப் பிடித்து உருண்டு சண்டை போட்ட பிறகு, பெண்களாகவே உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதைக் காவல் காத்து வந்தவள் யார் தெரியுமா? கங்காணி மனைவி மங்களம். தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடத்தை வேலைக்காரி கையில் கொடுக்க அவளுக்கு மனசு வராது. தானே தூக்கிவந்து, எங்களோடு வரிசையில் வைப்பாள். அவள் குடம் பின்னால் நின்றால் பின்னால்தான் பிடிப்பாள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம்.

அன்றைக்கு நான் நினைவு எங்கேயோ இருக்க நின்றிருந்தேன். போன கப்பலில் புதிதாக வந்திருந்த ஒரு பெண், விஷயம் தெரியாமல், என் குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்துவிட்டாள். நான் கவனிக்கவே இல்லை. மங்களம்தான் பார்த்துவிட்டுப் பாய்ந்தாள்.

"ஏண்டி, அவ கொடத்தை எதுக்கு நகத்துறே? நான் கங்காணி பொண்டாட்டி, நானே வரிசையிலதான் நிக்கிறேன். தொர பொண்டாட்டியே வந்தாலும் இங்க கொடத்தை வச்சிட்டுத்தான் நிக்கணும்."

என் குடத்தை அவளே தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். போன வாரம் என் புருஷன் காலைத் தாண்டிப் போனவள் இவள்தானே, பைப்படியில் இவ்வளவு நியாயம் பேசுகிறவளுக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் அது எங்கே போய்விடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் குடம் இல்லை. வெறும் ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆளைத் தாண்டிப் போய் அவளுக்குப் பழக்கம். குடத்தைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வராது.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு லயத்துக்குள் ஓடினேன். என்னோடு வராந்தாவில் காத்துக் கிடந்தவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினேன். செல்லாயிக்குச் சீவுகிற கத்தி வெட்டிக் கட்டைவிரல் சீழ் பிடித்திருந்தது. பத்துமலை அண்ணனுக்குக் கணுக்காலில் ஆறாத புண். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஆளுக்கொரு குடம் கொண்டுவரவேண்டும் என்றேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். பத்துமலை அண்ணன், ஆஸ்பத்திரியில் ஏது பைப்பு என்று கேட்டார்.

"தண்ணி புடிக்க இல்லண்ணே, எடம் புடிக்க. டாக்டர் ரூம் கதவுலேர்ந்து ஒண்ணு பின்னால ஒண்ணா வச்சிட்டு உக்காருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"வைக்கிறதுதானே லா, என்ன கொறைஞ்சு போச்சு" என்று செல்லாயிதான் முதலில் தலையாட்டினாள்.

புதன்கிழமை விடியுமுன் அவரைக் கிளப்பினேன். ஒரு பக்க இடுப்பில் குடம், மறுபக்கத் தோளில் அவர். வேலைக்குப் போனால் எனக்கு முன்னால் நாலு மரம் போய்விடுகிற மனிதர், அன்றைக்குப் பத்தடிக்கு ஒருதரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பினேன், கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி எழுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. பார்த்தால், டாக்டர் ரூம் கதவிலிருந்து வராந்தா முழுக்கக் குடம். மண்குடம், தகரக் குடம், எனாமல் வாளிகூட ஒன்று. வராந்தாவில் இடம் போதாமல் படிக்கட்டிலும் இறங்கியிருந்தது. நான் சொன்னது ஆறேழு வீட்டுக்குத்தான். லயம் முழுக்கப் பரவியிருந்தது. மாதக்கணக்கில் வலியைப் பொறுத்துக்கொண்டு, போனாலும் பார்க்கமாட்டார்கள் என்று வீட்டிலேயே கிடந்தவர்களெல்லாம் வந்து குடம் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே, மண்ணில்தான் எனக்கு இடம்.

தலையில் அடித்துக்கொண்டேன். வழி கண்டுபிடித்தவள் நான், கடைசியில் நிற்கிறவளும் நான். அவரைப் படிக்கட்டு ஓரத் தூணோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு, டிரஸ்ஸரிடம் போய் இந்த ஒருத்தரை மட்டும் முதலில் விடுங்கள் என்று கேட்டேன். அவர் குடங்களை எரிச்சலோடு பார்த்துவிட்டு, வரிசை வைத்தது நீதானே, உன் வரிசையிலேயே வா என்றார். முதல் குடம் செல்லாயியுடையது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இருளாயிக்கா, நான் கீழ போயிடுறேன். ஒங் கொடத்தைக் கொண்டாந்து என் எடத்துல வையி. இவரைப் பாத்தா பயமா இருக்கு."

குடத்தைத் தூக்கினேன். இரண்டு படி ஏறியிருப்பேன், வாசலில் கார் ஹாரன் கேட்டது. அதற்குப் பின்னாலேயே மங்களமும் கிராணி வீட்டம்மாளும் வந்துவிட்டார்கள். டாக்டர் பக்கவாட்டுக் கதவு வழியாகத் தன் ரூமுக்குள் போனார். மங்களம் படிக்கட்டுக்குக் கீழே நின்று, வரிசையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி இது, ஆஸ்பத்திரியில கொடம்?"

"வரிசை, கங்காணியம்மா."

"அப்ப நீ எதுக்குக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு மேல போறே?"

மேலே போனால் செல்லாயி இடம் எனக்குக் கிடைக்கும். ஆனால் நானே குடத்தை நகர்த்திவிட்டேன் என்றால் மங்களத்துக்கு அது போதும். சரசரவென்று ஏறிப் போய்விடுவாள். பின்னாலேயே கிராணி வீட்டம்மாள். அப்புறம் எங்கே வரிசை? டிரஸ்ஸர் அவர்களைத்தான் உள்ளே விடுவார், என்னையும் சேர்த்து எல்லாரையும் சங்கு ஊதும் வரை உட்கார வைப்பார். போன இரண்டு புதனும் பார்த்ததுதானே. என் புருஷன் தூணோடு சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தார். அவரைப் பார்த்தேன், குடத்தைப் பார்த்தேன். படி இறங்கி, மண்ணில் இருந்த இடத்திலேயே குடத்தை வைத்தேன்.

"தப்பாத் தூக்கிட்டேன் கங்காணியம்மா. எறக்கிட்டேன். ஒங்க கொடம் எங்க?"

மங்களத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து டிரஸ்ஸர் மேலேயிருந்து, நீங்கள் வாங்கோ அம்மா என்று அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்டதோடு விட்டிருக்கலாம். வழி விடுவதற்காகச் செல்லாயியின் குடத்தைப் பூட்ஸ் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். நான் திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் மங்களத்தின் குரல் வந்தது.

"காலால தொடாதீங்க டிரஸ்ஸரய்யா. அதுல நாங்க குடிக்கிற தண்ணி புடிக்கிறோம். கையால எடுத்து வையுங்க."

டிரஸ்ஸருக்கு முகம் சுண்டிப்போனது. குனிந்து, இரண்டு கையாலும் குடத்தை எடுத்து, இருந்த இடத்தில் வைத்தார். மங்களம் திரும்பி நடந்தாள். போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள், இடுப்பில் பித்தளைக் குடம். என் குடத்துக்குப் பின்னால் மண்ணை ஒதுக்கி அதை வைத்துவிட்டு, சலவைப் புடவையைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். கிராணி வீட்டம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நெஞ்செரிச்சல் தானாகவே நின்றுவிட்டது போலிருக்கிறது.

டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இதெல்லாம் என்ன என்று எங்களுக்கும் புரிகிற மலாயில் கேட்டார். நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று டிரஸ்ஸர் வாய் கூசாமல் சொன்னார். ரொம்ப நல்லது என்று டாக்டர் தலையாட்டிவிட்டு, முதல் ஆளைக் கூப்பிடச் சொன்னார். செல்லாயி உள்ளே போனாள். அவள் வெளியே வருவதற்குள் அடுத்த குடம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. நிஜமாகவே நோய் உள்ளவர்களுக்கு டாக்டரிடம் அதிக நேரம் ஆவதில்லை. புண்ணைக் காட்டுவார்கள், அவர் பார்ப்பார், சொல்லுவார், வெளியே வந்துவிடுவார்கள். பத்துமலை அண்ணன் காலில் கட்டோடு வந்து, இவ்வளவுதானா என்று சிரித்தார். முடிந்தவர்களும் வீட்டுக்குப் போகவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, வரிசை நகர்வதை வேடிக்கை பார்த்தார்கள். திருவிழாவில் தேர் நகர்வதைப் பார்க்கிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் இருந்தது.

எனக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. வெயில் ஏற ஏற அவர் மூச்சுச் சத்தம் பெரிதானது. முந்தானையை நனைத்து அவர் கழுத்தில் போட்டேன். விசிறினேன். செல்லாயி இடத்தை வாங்கிக்கொண்டிருந்தால் இந்நேரம் எப்படியோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஊருக்கு வரிசை வைக்கப் போய், என் புருஷன் உயிரைப் பணயம் வைத்துவிட்டேனா? நான் செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி, என் கையை விசிறவிடாமல் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

குடங்கள் படிக்கட்டு ஏறின. வராந்தாவில் நகர்ந்தன. கடைசியில் கதவுக்கு முன்னால் என் குடமும் அதற்குப் பின்னால் மங்களத்தின் பித்தளைக் குடமும் மட்டும் நின்றன. எங்களுக்கு முன்னால் போனவர் வெளியே வந்தார். நான் என் புருஷனைத் தூக்கி நிறுத்தினேன். சங்கு ஊதியது.

உள்ளே டாக்டர் கை கழுவுகிற சத்தம் கேட்டது. டிரஸ்ஸர் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், அடுத்த புதன் என்றார். ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டே, டிரஸ்ஸர் சட்டையைப் பிடிக்க மறு கையை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது.

"அடுத்த பொதனா? எங் கொடம் நிக்குது டிரஸ்ஸரய்யா. காலையிலேர்ந்து வெயில்ல உக்காந்திருக்கேன். எங் கொடத்தை எடுக்காம இன்னிக்கி யாரும் போகக்கூடாது. கங்காணியைக் கூட்டியாரட்டுமா?"

மங்களம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு நேரே போய் நின்றுவிட்டாள். காருக்குப் போகிற வழி அதுதான். டாக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன தகராறு என்று மலாயில் கேட்டார். பெரிய கங்காணி சம்சாரம் என்று டிரஸ்ஸர் பதறிப்போய்ச் சொன்னார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய கங்காணியின் கோபம் தோட்ட வேலையில் வந்து விடியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தொப்பியை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டு, சரி, அந்த அம்மாளை வரச்சொல் என்றார்.

டிரஸ்ஸர் கதவை அகலமாகத் திறந்து அவளுக்கு வழி விட்டார். மங்களம் உள்ளே போயிருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் போதும். அவள் என்னைப் பார்த்தாள். நான் கும்பிடக்கூட இல்லை, அவரைத் தாங்கிக்கொண்டு நிற்பதே பெரும்பாடாக இருந்தது. அவள் கையை நீட்டி என் மண்குடத்தைக் காட்டினாள்.

"எனக்கு முன்னால ஒரு கொடம் நிக்குது. அது போகாம நான் எப்படிப் போறது?"

டாக்டர் அப்போதுதான் என் புருஷனைப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. டிரஸ்ஸரிடம் ஏதோ சுள்ளென்று சொன்னார். எனக்கு இங்கிலீஸ் தெரியாது, ஆனால் திட்டு எந்தப் பாஷையில் இருந்தாலும் எனக்குத் தெரியும். இரண்டு பேருமாக அவரைத் தூக்கிக் கொண்டுபோனார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வெளியே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மங்களம் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே தட்டில் இரும்பு விழுகிற சத்தம், டாக்டர் குரல், அப்புறம் என் புருஷன் போட்ட ஒரு அலறல். வாரக்கணக்கில் அவர் வாய் திறந்து போட்ட முதல் சத்தம் அது. அலறுகிற அளவுக்கு வாய் திறந்திருக்கிறதே என்று எனக்கு உயிர் வந்தது.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. கழுத்தில் கத்தி வைத்துச் சீழை எடுத்து, வாயைத் திறந்து பல்லையும் பிடுங்கியாயிற்று என்று டிரஸ்ஸர் சொன்னார். ஒரு கிண்ணம் நிறையச் சீழ் என்றார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்திருந்தது. கஞ்சி மட்டும் ஆறவைத்துக் கொடு, தங்கச்சி என்றார். என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மங்களம் தன் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, தலைசுற்றலைச் சொல்ல உள்ளே போனாள்.

அவரை வராந்தா பெஞ்சில் கிடத்தினார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் அந்தக் கரகர சத்தம் நின்றிருந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லாயியும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன வேண்டும் என்று குனிந்து கேட்டேன்.

"பசிக்குது புள்ள."

அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீரைக் கீழே விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த நான், அந்த வார்த்தையைக் கேட்டு ஊரே பார்க்க ஓவென்று அழுதுவிட்டேன். செல்லாயி தன் தூக்குச்சட்டியைத் திறந்தாள். நாள் முழுக்கக் காத்திருக்கவேண்டும் என்று எல்லாரும் கஞ்சி கொண்டு வந்திருந்தார்கள். பத்துமலை அண்ணன் தன்னுடையதை நீட்டினார். இன்னும் யார் யாரோ நீட்டினார்கள். அவர் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்து, வாயின் ஓரமாக, மெதுவாக, ஒருவர் கஞ்சியையும் விடாமல் குடித்தார். மெள்ளக் குடிங்க, பொறையேறிக்கப் போகுது, அடுத்தவங்க கஞ்சியெல்லாம் தீத்துப்புட்டீங்களே என்று நான் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன், கடைசிச் சட்டி காலியாகும் வரைக்கும்.